கன்றின் இன்னோர் உடம்பு

கறம்பக்குடி, ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்து ஊர்களுக்குள் போகிறவர்கள் ஊரோரத்து ஆலமரங்களில் வைக்கோல் பொதிகள் தொங்குவதைப் பார்த்திருக்கலாம். விழுதோடு விழுதாகக் காய்ந்து கறுத்தவை சில. நேற்றுத்தான் கட்டியவை, ஈ மொய்ப்பவை சில. இப்போது வைக்கோலைவிட உரச்சாக்குதான் அதிகம் கண்ணில் படுகிறது. பசு கன்று ஈன்றபின் விழும் நஞ்சுக்கொடியை இப்படிக் கட்டித் தொங்கவிடுவது புதுக்கோட்டைச் சீமைக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் உண்டு. காரணம் கேட்டால், ஆல் பால்மரம், அதில் கட்டினால் மாட்டுக்குப் பால் குறையாது என்பார்கள். நாய் இழுத்துவிடக் கூடாது, மாடே தின்றுவிடக் கூடாது என்பார்கள். எந்தக் காரணத்தைச் சொன்னாலும் அதில் நஞ்சுக்கொடி தாய்ப்பசுவின் சொத்தாகவே இருக்கிறது. அதன் மடி, அதன் பால், அதன் நலம்.

ஆனால் அந்தப் பொதிக்குள் பசுவின் உடம்பு அநேகமாக இல்லை. அது கன்றின் உடம்பு.

இதை நிதானமாகத்தான் சொல்ல வேண்டும். பசுவின் கருப்பை உட்சுவரில் சிறு மேடுகள் இருக்கின்றன. சினை முற்றும்போது அவற்றில் 80 முதல் 120 வரை பருத்து நிற்கும். கருவைச் சூழ்ந்த சவ்விலிருந்து செந்நிறத் திட்டுகள் வளர்ந்து, மேட்டுக்கு ஒன்றாகக் கவ்விப் பிடித்துக்கொள்கின்றன. கன்று விழுந்து சில மணி நேரத்தில் அந்தப் பிடி தளர்கிறது. மேடுகள் தாயின் கருப்பையிலேயே தங்கிச் சுருங்கிவிடும். சவ்வும் திட்டுகளும் மட்டும் வெளியே வந்து விழும். மனிதரில் இவ்வளவு சுத்தமாகப் பிரிவதில்லை. தாயின் கருப்பைத் திசுவும் கொஞ்சம் சேர்ந்து வரும். மாட்டில் விழுவதோ, கன்று எந்தக் கருமுட்டையிலிருந்து உருவானதோ அதே கருமுட்டையிலிருந்து உருவானது. கன்றுக்குள்ள மரபணுதான் அதற்கும். கன்று கிடேரியானால் அதுவும் பெண், காளையானால் அதுவும் ஆண்.

அமெரிக்காவில் ஹெர்ட்டிக், ராக் ஆகியோரும் அவர்களுடைய சகாக்களும் 1954ல் மனிதக் கருவின் முதல் நாட்களைப் பற்றிய ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். கருவுற்று நாலைந்து நாளே ஆன, இன்னும் கருப்பைச் சுவரில் பதியாத கருக்களின் செல்களை எண்ணிப் பார்த்திருந்தார்கள். ஒன்றில் 58 செல்கள்; அவற்றில் கருவாகப் போகிறவை 5. இன்னொன்றில் 107, அதில் 8. மீதி 99 செல்களும் வெளிச்சுவர். நஞ்சுக்கொடியாகவும் சவ்வாகவும் ஆகப்போகிறவை. அந்த எட்டும்கூட முழுதாகக் குழந்தைக்கு வந்து சேர்வதில்லை. பனிக்குடத்தின் சவ்வும் மஞ்சள்கருப் பையும் அந்த எட்டின் வழிவந்த செல்களிலிருந்தே தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன.

நாம் ஒவ்வொருவரும் தொடங்கியபோது நம்மில் மிகப் பெரும்பகுதி, பின்னால் நாமாக ஆகாத பகுதி. எனக்கு இந்தச் செய்தி உடற்கூறு பற்றிய ஒரு தகவலாக மட்டும் தங்கவில்லை. கண்ணும் கையும் இதயமும் உருவாகும் முன்பே, அவை தங்குவதற்கான இடத்தை உருவாக்குவதில் உயிர் தன் கைமுதல் அத்தனையையும் போட்டுவிடுகிறது. பிறகு, பிறந்த அன்று, அந்த இடத்தை விட்டுவிட்டு வந்துவிடுகிறது.

இந்தச் சவ்வுகளைப் பார்க்க மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. அடைக்கோழியின் அடியிலிருந்து ஐந்தாம் நாள் ஒரு முட்டையை எடுத்து இருட்டில் டார்ச் வெளிச்சத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். நடுவே ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து எல்லாப் பக்கமும் கிளைத்தோடும் சிவப்பு இழைகள். கூமுட்டையில் இந்த இழைகள் இருக்காது. அந்த இழைகள் குஞ்சின் உடம்புக்குள் ஓடுபவை அல்ல. மஞ்சள்கருவைச் சுற்றி வளர்ந்த பையின் மேல் ஓடும் ரத்தக்குழாய்கள். மஞ்சள்கருவைக் கரைத்துக் குஞ்சுக்கு ஊட்டுவது அந்தப் பை. முதல் ரத்தம் உண்டாவதும் அதன் சுவரில்தான். குஞ்சை ஒட்டி நீர் நிறைந்த இன்னொரு பை, ஆம்னியான். நாம் பனிக்குடம் என்பது இதைத்தான். கோழி முட்டையில் இதன் சுவரில் தசையிழைகள் உண்டு, ஆனால் அவற்றை இயக்க நரம்பு இல்லை. தானாகவே சுருங்கி விரிந்து, உள்ளேயிருக்கும் குஞ்சை மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்கிறது.

மூன்றாவது பைக்கு அலன்டாய்ஸ் என்று பெயர். இதன் கதைதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. குஞ்சின் அடிவயிற்றிலிருந்து சின்னதாகப் புறப்படுகிறது. குஞ்சின் கழிவுகளைச் சேர்த்து வைப்பது அதன் வேலை. ஓட்டுக்குள் அடைபட்ட உயிர் தன் கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? ஆனால் கழிவு சேரச் சேரப் பை பெருக்கிறது. பெருத்து, எல்லாவற்றுக்கும் வெளியே இருக்கும் கோரியான் என்ற சவ்வோடு ஒட்டிக்கொண்டு, ஓட்டின் உட்புறம் முழுக்கப் பரவுகிறது. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே காற்றை வாங்கிக் கரியமில வாயுவை வெளியே விடும் வேலையும் அதற்கே வந்து சேர்கிறது. பொரிக்கப் போகும் நேரம்வரை குஞ்சுக்கு மூச்சு அந்தக் கழிவுப் பைதான். பொரித்த ஓட்டைக் கையிலெடுத்து உள்ளே பார்த்தால், ஒட்டியிருக்கும் மெல்லிய தோலில் அந்த ரத்தக்குழாய்களின் தடமும், வெள்ளைப் பசையாய்க் கொஞ்சம் கழிவும் கிடக்கும்.

மஞ்சள்கருப் பையைக் குஞ்சு விட்டுவிட்டு வருவதில்லை. பொரிப்பதற்குச் சற்று முன் மீதியிருக்கும் மஞ்சள்கருவோடு அதை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. முதலில் பொரித்த குஞ்சு, மற்ற முட்டைகள் பொரிக்கும்வரை தீனியில்லாமல் தாயின் சிறகுக்குள் இருக்க முடிவது இதனால்தான். ஒருநாள் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கித் தொலைதூரம் அனுப்ப முடிவதும் இதனால்தான்.

கோழிக்கு 21 நாள், விராலிமலைப் பாறைகளில் திரியும் மயிலுக்கு ஏறத்தாழ 28 நாள். வேலியோரம் மண்ணைக் கிளறி முட்டையிடும் ஓணானுக்கு இன்னும் நீளும். எல்லாவற்றிலும் இதே நான்கு சவ்வுகள். பசுவிலும் இவைதான், நம்மிலும் இவைதான். மனிதக் கருவில் மஞ்சள்கரு என்று சொல்லத்தக்க எதுவும் கிடையாது. ஆனாலும் பை உருவாகிறது, நமது முதல் ரத்த அணுக்களும் அங்கேதான் பிறக்கின்றன. பின்னாளில் முட்டையாகவும் விந்தாகவும் ஆகப்போகும் செல்கள் நாலாவது வாரத்தில் அந்தப் பையின் சுவரில் காணப்படுகின்றன. அங்கிருந்து நகர்ந்து உடம்புக்குள் வந்து தங்கள் இடம் சேர்கின்றன. வாரிசுக்கான விதையைக் கொஞ்ச நாள் வைத்திருந்து ஒப்படைத்துவிட்டு அந்தப் பை மறைந்துவிடுகிறது.

ஏன் இத்தனை ஏற்பாடு? புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. வெள்ளாறும் அக்கினியாறும் மழைக்காலத்து ஆறுகள். மாவட்டம் காலங்காலமாகப் பிழைத்தது கண்மாயையும் குளத்தையும் ஊருணியையும் நம்பி. தவளையும் அப்படித்தான். ஐப்பசி மழைக்குக் கண்மாய் நிரம்பியதும் முட்டையிடுகிறது. அதன் முட்டையைச் சுற்றி வழவழப்பான கூழ் உண்டு. ஆம்னியான் கிடையாது, அலன்டாய்ஸ் கிடையாது. நீர் வற்றினால் தலைப்பிரட்டைகள் சேற்றோடு சேறாகச் செத்துப்போகும். ஏறத்தாழ 31 கோடி ஆண்டுகளுக்கு முன் பல்லி போன்ற சில சிற்றுயிர்கள் இந்தக் கட்டாயத்திலிருந்து விடுபட்டிருந்தன. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஜாகின்ஸ் என்ற இடத்துப் பாறைகளில் கிடைத்த ஹைலோனோமஸ் அவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று. அவற்றின் வழிவந்த ஒவ்வொரு உயிரும் தன் குஞ்சுக்கான கண்மாயைத் தன்னோடேயே கொண்டுபோகத் தொடங்கியது. கரையும் நீரும் வரத்தும் போக்கும் எல்லாம் உள்ளேயே. அதன்பிறகு நிலம் முழுவதும் அவற்றுக்குத் திறந்துவிட்டது.

அப்படி நிலத்துக்கு வந்த உயிரினங்களில் சில மறுபடி கடலுக்கே போயின. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் கரையோரம் பாக் விரிகுடாவின் கடற்புல் வெளிகளில் மேயும் ஆவுளியா, அதாவது கடற்பசு, அப்படிப் போனது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் தமிழக அரசு அதற்கான காப்பகமாக அறிவித்தது. நாட்டின் முதல் கடற்பசுக் காப்பகம் அது. ஆவுளியா ஓராண்டுக்கும் மேலாகச் சினை சுமக்கிறது. சுற்றிலும் கடல், ஆனாலும் குட்டி வளர்வது பனிக்குடத்து நீரில்தான். நிலத்தில் வாழக் கற்றுக்கொண்டதை அதன் உடம்பு கைவிடவில்லை.

அதே கடலில் இதற்கு நேர்மாறான ஒன்றும் நீந்துகிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று புட்டு அவித்துக் கொடுக்கிறோமே, பால்சுறா, அதுதான். சுறாவுக்கு ஆம்னியான் கிடையாது. அதன் முன்னோர் நிலத்தைப் பார்த்ததே இல்லை. ஆனால் பால்சுறா முட்டையிடாமல் குட்டி போடுகிறது. வயிற்றுக்குள் குட்டி முதலில் மஞ்சள்கருவைத் தின்று வளர்கிறது. அது தீர்ந்ததும் அந்தப் பையே தாயின் கருப்பைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நஞ்சுக்கொடியாகிவிடுகிறது. பிறந்த குட்டியின் உடம்பில் கொடி ஒட்டியிருந்த தழும்பு தெரியும். சுறாவில் இப்படி ஒன்று உண்டு என்று அரிஸ்டாட்டில் எழுதி வைத்திருந்தார். யோஹன்னஸ் முல்லர் 1842ல் அதை ஐயமற உறுதிப்படுத்தும்வரை அது சரியாகப் புரிந்துகொள்ளப்படவில்லை. தொப்புளுள்ள மீனைத் தின்று தொப்புள்கொடி அறுத்த பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள் நம் ஊர்த் தாய்.

மாட்டுத் தொழுவத்துக்குத் திரும்புகிறேன். பசு கன்று ஈனும்போது இரண்டு முறை தண்ணீர்க்குடம் உடையும். முதலில் உடைவது பெரும்பாலும் அலன்டாய்ஸ், கோரியான் சேர்ந்த வெளிப்பை. மஞ்சள் கலந்த நீர்த்த திரவம் வரும், அதில் கன்றின் சிறுநீரும் கலந்திருக்கும். பிறகு ஆம்னியான் நீலம் பாய்ந்த வெண்மையாக வாயிலில் தெரியும். அதிலிருக்கும் நீர் கொழகொழப்பானது. கன்று வழுக்கி வெளியே வர அந்தக் கொழகொழப்பு உதவுகிறது. அனுபவமுள்ளவர்கள் இரண்டாவது குடத்துக்குள் குளம்பு தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பேசாமல் காத்திருப்பார்கள்.

அதன் பிறகு நடப்பதில்தான் எனக்கு நெஞ்சு பதறுகிறது. "நஞ்சு விழட்டும், அப்புறம் கன்னை ஊட்ட விடலாம்" என்று தொழுவத்துக்குத் தொழுவம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாலைக் குடிக்க விட்டால் நஞ்சுக்கொடி விழாது என்ற நம்பிக்கை. மாட்டின் நஞ்சுக்கொடி எப்படி அமைந்தது என்பதைப் பார்த்தால் இந்தக் காத்திருப்பு எவ்வளவு தவறு என்று தெரியும். மனிதரில் கோரியானின் விரல்கள் தாயின் ரத்தத்திலேயே நனைந்து நிற்கின்றன; அந்த வழியாகத் தாயின் நோயெதிர்ப்புப் புரதங்கள் பிறக்கும் முன்பே குழந்தைக்குப் போய்விடும். மாட்டிலோ தாயின் சுவரும் கன்றின் சுவரும் முழுசாக நடுவில் நிற்கின்றன. உணவு கடக்கும், காற்று கடக்கும். எதிர்ப்புப் புரதம் கடக்காது. கன்று பிறக்கும்போது நோயை எதிர்க்கத் தாயிடமிருந்து எதுவும் பெறாமல் பிறக்கிறது. அதற்கு வேண்டியதெல்லாம் சீம்பாலில் இருக்கிறது. அதை உடைக்காமல் முழுசாக உறிஞ்சும் திறன் கன்றின் குடலுக்கு முதல் 24 மணி நேரம் மட்டுமே உண்டு. மணிக்கு மணி அந்தத் திறன் குறைந்துகொண்டே போகும். நஞ்சுக்கொடி விழப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை நிறுத்தி வைத்தால், சவ்வு கொடுக்காததைச் சீம்பாலும் முழுதாகக் கொடுக்க முடியாமல் போகும். ஊட்ட விட்டால் மாட்டின் உடம்பில் ஆக்சிடோசின் சுரந்து கருப்பை சுருங்கும். நஞ்சுக்கொடி விழவும் அது துணை செய்யும். இதைக் கால்நடை மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். சீம்பாலைக் காய்ச்சி அண்டை அயலுக்குக் கொடுப்பது நல்ல பழக்கம்தான். கன்று வயிறு நிறையக் குடித்த பிறகு கொடுக்கட்டும்.

இரட்டைக் கன்று பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காளையோடு இரட்டையாகப் பிறந்த கிடேரி பெரும்பாலும் சினை பிடிக்காது. மாடு வளர்ப்பவர்கள் அனுபவத்தில் அறிந்த செய்தி இது. காரணம் சவ்வில் இருக்கிறது. இரண்டு கன்றுகளின் கோரியானும் ஒன்றோடொன்று ஒட்டி, ரத்தக்குழாய்கள் இணைந்துவிடுகின்றன. காளைக்கன்றிலிருந்து வரும் ரத்தமும் சுரப்பும் கிடேரியின் கருப்பையையும் சினைப்பையையும் வளரவிடுவதில்லை. சிகாகோவில் ஃபிராங்க் லில்லி 1916ல் இதை விளக்கினார். 1945ல் ரே ஓவன், அப்படிப் பிறந்த இரட்டைகளின் ரத்தத்தில் ஒன்றின் அணுக்கள் மற்றதில் வாழ்நாளெல்லாம் நிலைத்திருப்பதைக் கண்டார். அன்னிய அணுவை அந்த உடம்பு ஏன் எதிர்க்கவில்லை? இங்கிலாந்தில் பீட்டர் மெடாவரும் நண்பர்களும் இரட்டை மாடுகளின் தோலை மாற்றி ஒட்டிப் பார்த்தார்கள். தோல் உதிராமல் ஒட்டியது. கருவிலேயே பழகிய அன்னியத்தை உடம்பு தன்னுடையதாக ஏற்றுக்கொள்கிறது என்ற கண்டுபிடிப்புக்கு 1960ல் மெடாவரும் பர்னெட் என்ற இன்னொரு அறிவியலாளரும் நோபல் பரிசு பெற்றார்கள். உறுப்பு மாற்று அறிவியலின் அடித்தளங்களில் ஒன்று இது. அதன் வேரைத் தேடிப் போனால், ஒட்டிக்கொண்ட இரண்டு மாட்டு நஞ்சுக்கொடிகளில் வந்து நிற்கும்.

இவ்வளவும் தெரிந்தபின் ஆலமரத்துப் பொதியை என்ன செய்யச் சொல்வேன்? அந்த வழக்கத்தில் ஒரு மரியாதை இருக்கிறது; நான் அதை மதிக்கிறேன். ஆனால் புருசெல்லா என்ற பாக்டீரியாவையும் நினைக்க வேண்டியிருக்கிறது. பசுவுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும் இந்தக் கிருமி நஞ்சுக்கொடியில்தான் கூட்டமாகப் பெருகும். அங்கே சுரக்கும் எரித்ரிட்டால் என்ற சர்க்கரை அதற்கு விருப்பமான உணவு என்று 1960களின் தொடக்கத்தில் கண்டறிந்தார்கள். நோயுள்ள மாட்டின் கொடியை வெறுங்கையால் அள்ளுகிறவருக்கு அது தொற்றும். விட்டு விட்டுக் காய்ச்சலும் மூட்டு வலியுமாக மாதக்கணக்கில் வாட்டும். 2019ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் நாலு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு இதற்கான தடுப்பூசி போடுகிறார்கள். உரச்சாக்கு வேறு மட்குவதில்லை. கையுறை போட்டு எடுத்து, ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைப்பதே சரி. அந்தக் குழியை ஆலமரத்துக்கு அருகிலேயே வெட்டிக்கொள்ளலாமே.

மனிதரின் நஞ்சுக்கொடிக்கு ஊரில் முன்பெல்லாம் வீட்டுக் கொல்லையில் இடம் இருந்தது. காய்ந்து விழுந்த தொப்புள்கொடித் துண்டு தாயத்துக்குள் போய்ப் பிள்ளையின் இடுப்பில் ஏறியது. இன்று பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது, நடக்கவும் வேண்டும். மருத்துவச்சியின் கையில் நஞ்சு விழாமல் உதிரப்போக்கில் போன உயிர்கள் பழைய குடும்பக் கதைகளில் நிறைய. இதே புதுக்கோட்டையில் 1886ல் பிறந்து, 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பணி தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில்தான் தமிழகத்தின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987லிருந்து இயங்குகிறது. அவர் ஊர்ப் பெண்கள் இன்று பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பாதுகாப்பாகப் பெறுகிறார்கள். நஞ்சுக்கொடி 2016ம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிப்படி மஞ்சள் பையில் போகிறது. அதில் எனக்குக் குறையில்லை.

நான் கேட்பது அதற்கு முந்தைய ஓரிரு நிமிடத்தை. குழந்தை வெளியே வந்த நொடியில், குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்குமாக ஓடும் ரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொடியின் பக்கம் இருக்கிறது. அது தாயின் ரத்தமல்ல, குழந்தையின் ரத்தம். உடனே கவ்வி போட்டு அறுத்தால் அது அங்கேயே தங்கிவிடும். பொறுத்தால் 80 முதல் 100 மில்லி வரை குழந்தைக்குள் வந்து சேரும்; அதனோடு வரும் இரும்புச்சத்து அடுத்த சில மாதங்களுக்குச் சோகையிலிருந்து காக்கும். குறைந்தது ஒரு நிமிடமாவது பொறுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருக்கிறது. குழந்தைக்கு மூச்சு வரவில்லையென்றால் மருத்துவர் உடனே அறுத்துச் சிகிச்சை தொடங்கத்தான் வேண்டும். அதை அவர் முடிவுசெய்வார். மற்றபடி, மகளையோ மருமகளையோ பிரசவத்துக்குக் கூட்டிப்போகிறவர்கள், கொடியைக் கொஞ்சம் பொறுத்து வெட்டுவீர்களா என்று முதல் நாளே அங்குள்ள மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.